மூன்று வாத்து பப்புக்கு ஓர் ஆட்சேபம்

"நாலு மாசமா நான் சரியாத் தூங்கலைங்க. பதினோரு மணி வரைக்குமே அங்க கூத்துதான். இப்ப ராத்திரி ஒரு மணி வரைக்கும் கேக்கறாங்க. கொடுத்திராதீங்க," என்றார் டோரீன்.

மது உரிமக் குழுவின் தலைவர் பிராட்பென்ட் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். யார்க்‌ஷயரின் அந்தச் சின்ன ஊரில், 'மூன்று வாத்து' என்ற பப்பின் நேர நீட்டிப்பை எதிர்த்தவர் டோரீன் ஒருவர்தான்.

"உங்க படுக்கையறைக்கும் பப்புக்கும் எவ்வளவு தூரம்?"

"நடுவுல ஒரு பலகைதான் தடுப்பு."

"என்ன மாதிரி சத்தம்?"

"வியாழக்கிழமை வினாடி வினா. வெள்ளிக்கிழமை ஆர்தர் பாடுவாரு. தெரிஞ்சது ஒரே பாட்டு. அதுலயும் ரெண்டாவது அடி தெரியாது. தெரியாத அடியைத்தான் சத்தமாப் பாடுவாரு. எல்லாம் முடிஞ்சு வாசல்ல நின்னு 'போயிட்டு வரேன்'னு சொல்லிக்கறதுக்கே முக்கால் மணி நேரம்."

பின்வரிசையில் இருந்த ஆர்தர் கூரையை ஆராயத் தொடங்கினார்.

"வேற வீடு பாத்துக்கலாமே அம்மா?"

"முடிஞ்சா இங்க வந்து ஏன் நிக்கறேன்?"

"கேட்டாகணும்னு சட்டம், அதனால கேக்கறேன். பப் நடத்தறவங்ககிட்ட நேர்ல பேசிப் பாத்தீங்களா?"

"தினமும் பேசறேன். பிடிவாதக்காரி. இந்த ரெண்டு மணி நேரம் கிடைக்கலேன்னா கடையை இழுத்து மூடணும்னு ஒரே புலம்பல். என் கஷ்டம் அவ காதுல ஏறவே மாட்டேங்குது."

டோரீனின் குரல் உடைந்தது. பாவம், கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் பொய்யில்லை. குமாஸ்தா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். டோரீன் குடித்து முடிக்கும்வரை எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் நல்லவர்கள்தான், ஆட்சேபத்தில் கையெழுத்துப் போடத்தான் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"சரி, உங்க தரப்பைக் கேட்டாச்சு," என்று குறித்துக்கொண்டார் தலைவர். "இனி பப் நடத்தறவங்க பேசலாம்."

டோரீன் எழுந்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு, மேசையைச் சுற்றிப் போய், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"ஐயா, என் பப்புக்கு மேல் மாடியில குடியிருக்கற அந்தம்மா தூக்கம் போச்சுங்கறாங்க. நீங்க அனுமதி கொடுக்காம நான் பப்பை மூடிட்டேன்னா, பப்போட சேர்ந்த அந்த மாடியும் போயிடும், அவங்களுக்குப் படுக்கவே இடம் இருக்காதுங்க."