எது வேகம்?

"நிறுத்தி நிறுத்திப் பார்த்தாத்தான் தப்பு எங்கன்னு தெரியும். டீபக்கரையே போடலாம்" என்றாள் அவள்.

எதிர் மேஜைக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை; லாக்கைப் படித்தாலே போதும் என்றான். லிஃப்டுகளுக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் அந்தச் சின்ன கம்பெனியில் இன்ஜினியர்கள் என்று இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். வேறொரு ஊரில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், இவர்களுடைய லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பேர் இருப்பதாகக் காவலாளி போன் செய்திருந்தார். விளக்கு எரிகிறது, மின்விசிறி ஓடுகிறது, ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் மெக்கானிக் போய்ச் சேர நேரமாகும். அதற்குள் இங்கிருந்தே கோளாறைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

டீபக்கர் என்றால் புரோகிராமை வரி வரியாக நிறுத்திப் பார்க்கலாம், சந்தேகமே மிஞ்சாது. ஆனால் இவ்வளவு தூரத்திலிருந்து ஒவ்வொரு வரிக்கும் பதில் வருவதற்குள் டீ ஆறிவிடும். லாக் என்றால், லிஃப்ட் தானே எழுதிவைத்திருக்கும் குறிப்புகளை அள்ளிக்கொண்டு வந்து படித்து, ஊகித்து, சட்டென்று திருத்திவிடலாம். ஊகம் தப்பினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

போன் அடித்தது. லீவில் போயிருந்த முதலாளி. ரகசியம் பேசுகிற மாதிரி குரலைத் தணித்து, எந்தக் கருவி என்று முடிவு செய்தாயிற்றா என்று கேட்டார். அவள் இரண்டையும் விளக்கினாள்.

"எது வேகமோ அதை எடும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுக்காதீர்கள் என்று எப்போதும் இவர்களைக் கடிந்துகொள்கிறவர் அவர்தான். லீவில் போன இடத்திலும் இந்த லிஃப்டைப் பற்றி அவருக்கு யார் சொன்னார்கள் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

சற்று நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை குரல் கெஞ்சியது. பின்னால் யாரோ மூச்சுவிடாமல் பேசுவது கேட்டது. டிவி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. லாக்கையே எடுத்தார்கள். அவன் படிக்கப் படிக்க அவள் சரிபார்த்தாள். கதவு திறந்திருப்பதாக சென்சார் ஒரு நொடி பொய் சொல்லியிருந்தது. அதை நம்பி நின்ற புரோகிராம் திரும்பக் கிளம்ப மறந்துவிட்டது. இரண்டே வரித் திருத்தம். அனுப்ப ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

மூன்றாவது தடவை முதலாளியின் எண் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், தயாரா இருக்கு. அனுப்பிடவா?"

பதில் சொன்னது ஒரு பெண் குரல்.

"நான் உங்க முதலாளி வீட்டுக்காரம்மா பேசறேன். மெதுவான கருவி ஒண்ணு இருக்காமே, அதைப் போடும்மா. நான் வாயைத் திறந்தாலே எழுந்து போயிடற மனுஷன், இன்னைக்குத்தான் இந்த லிஃப்டுக்குள்ள என்கூட மாட்டிக்கிட்டு, எங்கயும் போக வழியில்லாம முழுசா கேட்டுட்டிருக்காரு."