பக்கத்து இடம்

இருபது வருஷம் கழித்துப் பள்ளித் தோழிகள் செண்பகவல்லியின் வீட்டில் கூடினார்கள். பிள்ளைகளின் படிப்பு, மாமியார், சர்க்கரை நோய் எல்லாம் பேசித் தீர்த்தார்கள். பூங்கோதையின் விவாகரத்தை மட்டும் யாரும் தொடவில்லை. சாப்பிட்டதும் கணவர்களோடு ஜோடி ஜோடியாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். பூங்கோதையின் முறை வந்தபோது படம் எடுக்க வந்திருந்த போட்டோக்காரர், கணவர் வராதவர்களிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்:

"கொஞ்சம் ஓரமா நில்லுங்கக்கா. சார் படத்தை அனுப்புனீங்கன்னா பக்கத்துல சேத்துத் தந்துடறேன்."

தோழிகள் தரையைப் பார்த்தார்கள். பூங்கோதை ஒரு நாற்காலியை இழுத்து வந்து, நட்டநடுவில் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"சேக்க ஆளும் இல்ல, அவசியமும் இல்ல தம்பி. நான் முழுசாத்தான் இருக்கேன். எடுங்க."

போட்டோக்காரர் தயங்கினார். செண்பகவல்லி, தன் தோளில் கிடந்த கணவரின் கையை எடுத்துவிட்டு, பூங்கோதையின் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.