சிமெண்ட் தூசி

"குளிச்சாலும் உள்ள வராதீங்க. உங்க மேல இருக்கற தூசிதான் புள்ளைக்கு ஆகல."

அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டும் கணவன் தமிழரசனைக் கூடத்திலேயே படுக்க வைத்துவிட்டாள் மேகலா. அவனும் பாயை அங்கேயே விரித்துக்கொண்டான்.

மகள் முத்தமிழைத் தன்னோடு ஏசி அறையில், ஜன்னலைச் சாத்திப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் குழந்தையின் இருமலும் இளைப்பும் கூடிக்கொண்டே போயின.

தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போனதும், புழுக்கம் தாங்காத குழந்தை கூடத்துக்கு ஓடி அப்பாவிடம் ஒட்டிக்கொண்டது. கரண்ட் வரும்வரை நாள்கணக்கில் அவனோடுதான் தூங்கியது. இருமலே இல்லை.

சந்தேகம் வந்து மேகலா ஏசியின் மூடியைத் திறந்தாள். உள்ளே கறுப்பாகப் பூஞ்சை அப்பிக் கிடந்தது.

"உங்களப் போயி வெளியில தள்ளிட்டேனே..." அழுதாள்.

"அப்பறம் அழுவலாம், மொதல்ல வெளியில வா. நீயுந்தான் உள்ள கெடந்து இருமுற. எனக்குக் கேக்காதா?"