தூரத்து வண்டி

கண்டக்டரின் இடது கையில் இரண்டு ஊசி. ரத்தம் ஒன்றின் வழியாக மெஷினுக்குப் போய், சுத்தமாகி, இன்னொன்றின் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. வலது கை மட்டும் சும்மா இருக்கவில்லை, போனைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், தடவைக்கு நாலு மணி நேரம். மனுஷன் இந்தக் கட்டிலில் மல்லாந்துகொண்டு நட்சத்திரம் பார்க்கிறார்!

ஆராய்ச்சிக்காரர்கள் பொதுமக்களுக்கென்று திறந்துவிட்ட வேலை அது. ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் புள்ளி புள்ளியாக ஓடும். நடுவில் சின்னப் பள்ளம் விழுந்தால் குறிக்க வேண்டும். ஏதோ ஒரு கிரகம் அதன் குறுக்கே போயிருக்கலாம்.

சம்பளம் கிடையாது. டீ கூடக் கிடையாது.

பக்கத்து நாற்காலியில் மனைவி. தன் கிட்னியில் ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி ஒன்றரை வருடமாகக் கெஞ்சுகிறாள். பொருந்தும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். "காடு வா வாங்குது, எனக்கு எதுக்குடி அது?" என்று ஒவ்வொரு தடவையும் அவள் வாயை அடைத்துவிடுவார். பத்து நாளாக அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

போனில் கடிதம் ஒன்று வந்து விழுந்தது. பொடி எழுத்து, கண்ணாடி கொண்டு வரவில்லை. நர்ஸ் வாங்கிப் படித்தாள்.

போன மாதம் அவர் குறித்த பள்ளம் பற்றித்தான். கம்ப்யூட்டர் அதைத் தள்ளிவிட்டிருந்தது. ஒரே ஒரு தடவைதான் வந்தது, ஏதோ பிசகு என்று. கண்டக்டருக்கு மனசு ஒப்பவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் விசில் ஊதியவர். நாளுக்கு ஒரு தடவை வந்தாலும் அது வண்டிதான், போகிற ரூட் நீளம், அவ்வளவுதானே? அப்படியே எழுதியும் அனுப்பிவிட்டார்.

அவர்கள் பழைய பதிவுகளைத் தோண்டியிருக்கிறார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் அச்சு அசலாக அதே பள்ளம். நடுவில் ஒன்றுமில்லை. சந்தேகமே வேண்டாம், கிரகம்தான். முதலில் கண்டுபிடித்தது நீங்கள்தான் என்று எழுதியிருந்தார்கள்.

அம்மாடி! அந்த வெளிச்சம் அங்கேயிருந்து கிளம்பி அறுநூறு வருஷமாம். இவருடைய தாத்தனுக்குத் தாத்தன் பிறப்பதற்கு முன்பே புறப்பட்டு, எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல், இவர் விரலுக்கு அடியில் வந்து இறங்கியிருக்கிறது. கண்டக்டருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஊசி குத்திய கைகூட.

"அடுத்த ட்ரிப் எப்போம்மா?"

நர்ஸ் இன்னும் கீழே தள்ளிப் படித்தாள். பத்து வருஷம் கழித்து. அன்றைக்குப் பெரிய பெரிய தொலைநோக்கிகளை எல்லாம் அதன் பக்கம் திருப்பி வைப்பார்களாம்.

பத்து. இந்த மெஷினை நம்பினால் நாலைந்து வருஷம் என்றுதான் டாக்டர் அவருக்குச் சொல்லியிருந்தார்.

போனைத் திரும்ப வாங்கி மார்பின் மேல் வைத்துக்கொண்டார். அப்புறம் மனைவி பக்கம் திரும்பினார்.

"சரி. உன்னோடதுல ஒண்ணைக் குடு."

இந்த மனுஷன் மனசு மாறுவதற்குள் டாக்டரைப் பிடித்துவிட வேண்டுமென்று, வாசலில் கிடந்த செருப்பைக்கூட மாட்டாமல் அவள் ஓடினாள்.