ஹெப்சிபாவின் ஜெபம்

மலாவியில் வெள்ள நிவாரண ஊழியம் செய்த கணவன் தயாளன் வீடு திரும்ப வேண்டுமென்று, ஹெப்சிபா தாம்பரம் சபையில் இரண்டு வருஷம் கண்ணீரோடு ஜெபித்தாள். போன மாதம் அவன் முடிச்சூர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டான்.

இன்று அவள் மறுபடியும் பாஸ்டர் முன்னால் அழுதுகொண்டு நின்றாள்.

"என்னம்மா, தயாளனைத் திரும்பவும் கூப்பிட்டுடுவாங்கன்னு பயமா? மிஷன்ல பேசிட்டேன். இனிமே அனுப்ப மாட்டாங்க."

"ஐயோ பாஸ்டர், அவரை அனுப்பச் சொல்லுங்கன்னு கேக்கத்தான் வந்தேன்!"

பாஸ்டர் திகைத்தார். "வீட்டுல ஏதாவது சண்டையா?"

"சேச்சே, தங்கமான மனுஷன். கண் முழிச்சதுமே மலாவி முகாம்ல இருக்கற பிள்ளைங்களுக்கு வீடியோ கால் போட்டுடறார். யார் சாப்பிட்டாங்க, யாருக்கு ஜுரம்னு ஒவ்வொருத்தரா விசாரிக்கிறார். பக்கத்துல நின்னு எங்க பொண்ணு 'அப்பா'ன்னு கூப்பிட்டா, 'இரும்மா'ன்னு கை காட்டறார்."

"அதுக்காகத் திரும்ப அனுப்பணுமா?"

ஹெப்சிபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்கே இருந்தப்ப அந்த வீடியோ கால் எங்களுக்குத்தான் வரும், பாஸ்டர். தினமும் பொண்ணு தூங்கற வரைக்கும் அவகூடப் பேசிக்கிட்டே இருப்பார்."