எட்டாவது வாக்கியம்

'உரிமை உண்டு' என்பதை ஆங்கிலத்தில் தடுமாறாமல் சொல்ல இன்றே பழகிவிட வேண்டும் என்றார் கொரிய மேலாளர் ஹான். நாளை தொழிலாளர்களோடு பேச்சுவார்த்தை. பதினாறு நாளாக அவர்கள் கம்பெனி வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவனான ஏழுமலை தன் கணவன் என்பதை, ஹானுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் பொற்கொடி டீச்சர் அவரிடம் சொன்னதில்லை.

"அந்தாளுக்கு இங்கிலீஷ் கத்துக்குடுத்து எங்களயே வையவுடப் போறியா?" என்று காலையில் ஏழுமலை கேட்டிருந்தான்.

அவள் எட்டு ஆங்கில வாக்கியங்களை எழுதி நீட்டினாள். எல்லாம் வாசல் பேனரில் தமிழில் இருப்பவைதான். ஹானுக்குத் தமிழ் தெரியாது. நாக்கைத் திருத்தித் திருத்தி உரக்கப் படித்தார். வேலைக்கு நடுவே தண்ணீர் குடிக்க எனக்கு உரிமை உண்டு. கால் வலித்தால் உட்கார எனக்கு உரிமை உண்டு. எட்டாவதில் குரல் நின்றது. சங்கம் வைக்க எனக்கு உரிமை உண்டு.

எழுந்து மாடி ஜன்னலருகே போனார். கீழே ஏழுமலை சாப்பாட்டுப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தான். பழைய பச்சைப் புடவையில் தைத்த பை. அதே புடவையின் இன்னொரு பை இங்கே மேசைமேல் இருந்தது. பொற்கொடி அதை மடிக்கு இழுப்பதற்குள் ஹான் திரும்பிப் பார்த்துவிட்டார்.

அவர் ஜன்னலை முழுக்கத் திறந்தார். வாசலில் சிலர் அண்ணாந்து பார்த்தார்கள்.

"எட்டாவது எனக்குச் சரியாக வரவில்லை, டீச்சர்," என்றார் ஆங்கிலத்தில். "இங்கே வந்து நின்று நீங்கள் சொல்லுங்கள். சத்தமாக."