தலையணைத் தாளம்

"இந்தப் பொண்ணு இப்பல்லாம் நல்லா வாசிக்குதுல்ல?"

அம்மா சாதாரணமாகத்தான் கேட்டாள். ஷான்போருக்கு டீ புரையேறியது.

"நல்லாவா? டின்னைத் தட்டற மாதிரி இருக்கு."

"போன மாசம் நீயே, ஒரு இடத்துல தடுக்குதுன்னு சிரிச்ச. இப்போ தடுக்கலையே."

அதுதான் அவனுக்கு எரிச்சல். பக்கத்து வீட்டு தாரிஹுன் பேக்கரி வேலை முடிந்து வந்ததும், கொட்டகையில் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். குரு கிடையாது. செல்போனைப் பார்த்து, தப்பாக வாசித்து, மறுபடி வாசித்து, தானாகவே கற்றுக்கொள்கிறாள். இந்த வாரம் வந்த தப்பு அடுத்த வாரம் காணாமல் போய்விடுகிறது.

மாவ்லாய் பேட்டையில் டிரம்மர் என்றால் ஷான்போர்தான். சர்ச் பாடகர் குழுவுக்கும் அவன்தான், கல்யாணங்களுக்கும் அவன்தான். ஆனால் அவன் உட்கார்ந்து பயிற்சி செய்து பல வருஷம் ஆகிவிட்டது. டாக்சி ஓட்டி முடித்து வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தால், அவள் எங்கே சறுக்குவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பான். ஒருநாள் முழுப் பாட்டும் முடிந்தது. அவள் சறுக்கவே இல்லை.

அன்று சாயங்காலமே, எல்லோரும் 'ராங்பா' என்று கூப்பிடும் பேட்டைத் தலைவர் வீட்டுக்குப் போனான்.

"ராங்பா, எங்கம்மாவுக்குத் தலைவலி. அந்தப் பொண்ணு அடிக்கிற அடியில கண்ணை மூட முடியல" என்று ஆரம்பித்து, மூச்சுவிடாமல் பேசிவிட்டு வந்தான்.

மறுநாள் தலைவர் தாரிஹுனின் கொட்டகை வாசலில் நின்றார். ஷான்போர் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றான்.

"புகார் வந்திருக்கும்மா. யாருன்னு கேக்காத. இனிமே வீட்டுல டிரம்ஸ் வேணாம்."

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தான்.

"சரிங்க ராங்பா" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பேட்டையே அமைதியானது. ஷான்போர் காலை நீட்டி, நிம்மதியாக டீ குடித்தான். ஒரு நாள் வேலி ஓரம் போகும்போது எட்டிப் பார்த்தால், தாரிஹுன் மடியில் தலையணையை வைத்துக்கொண்டு குச்சியால் தட்டிக்கொண்டிருந்தாள். காதில் செல்போன் ஒயர்.

"என்னம்மா, பஞ்சு தட்டற வேலைக்குப் போகப்போறியா?"

அவள் சிரித்தாள். "டிரம்ஸ்ல குச்சி தானா எழும்பிடும் அண்ணா. தலகாணி திருப்பியே குடுக்காது. ஒவ்வொரு அடிக்கும் நாமளேதான் தூக்கணும். கை கழண்டுடுது."

'நல்லா கழலட்டும்' என்று நினைத்துக்கொண்டே நடந்தான்.

மழைக்காலம் முடிந்தபோது அந்தச் செய்தி வந்தது. பாடகி மேபானின் குழுவுக்கு டிரம்மர் வேண்டுமாம். கிறிஸ்துமஸுக்குக் கோஹிமா, ஐஸால் என்று ஊர் ஊராகப் போகப்போகிறார்கள். ஷான்போர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். அரங்க வாசலில் தாரிஹுனும் நின்றுகொண்டிருந்தாள்.

'தலகாணியோட வந்திருப்பாளோ?'

ஷான்போரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அவன் உட்கார்ந்ததுமே கரண்ட் போய்விட்டது. மைக் செத்தது, கிடார் செத்தது.

"கரண்ட் போனா என்ன? நான் சும்மாவே பாடறேன், நீங்க வாசிங்க" என்றாள் மேபான்.

அவன் வாசித்தான். நாலு வரிகூடப் போகவில்லை. மேபான் கையைத் தூக்கினாள்.

"அண்ணா, என் பாட்டு எனக்கே கேக்கல. கொஞ்சம் சத்தம் கம்மியா."

சத்தத்தைக் குறைத்தான். தாளம் பின்தங்கியது. வேகத்தைப் பிடிக்கப் போனால் சத்தம் எகிறியது. சட்டை வியர்வையில் நனைந்தது.

அடுத்து தாரிஹுன். குச்சி தோலைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. மேபான் தாழ்ந்த குரலில் பாடினாள். ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைவரை கேட்டது. அதனடியில் தாளம் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் மேபான் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பெட்டியைக் கட்டு. நீ வர்ற. இவ்ளோ மெல்லிசா வாசிக்க எங்க கத்துக்கிட்ட?"

"வீட்டுல வாசிக்கக் கூடாதுன்னுட்டாங்க அக்கா. யாரோ புகார் குடுத்துட்டாங்க. அதான் தலகாணியில."

"யாரு அந்தப் புண்ணியவான்?"

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஷான்போர் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான்.

"தெரியாதுக்கா" என்றாள் தாரிஹுன்.

வெளியே படியிறங்கும்போது ஷான்போரால் சும்மா இருக்க முடியவில்லை.

"நிஜமாவே யாருன்னு தெரியாதா?"

"தெரியும் அண்ணா. அன்னிக்கு நான் தலைவர் வீட்டு அடுப்பங்கரையில அவர் சம்சாரத்துக்கு ரொட்டி குடுத்துட்டு டீ குடிச்சிட்டிருந்தேன். நீங்க பேசினது அத்தனையும் கேட்டுச்சு."

அவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அப்ப... உள்ள ஏன் சொல்லல?"

"எதுக்கு? கிறிஸ்துமஸுக்கு நான் ஊர்ல இருக்க மாட்டேன். சர்ச்சுல நீங்கதானே வாசிக்கணும், எல்லார் முகத்தையும் பார்த்துக்கிட்டு?"

குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்:

"அதுவும் இல்லாம, அன்னிக்கு நீங்க சொன்னதுல தலைவலிதான் பொய். 'அவளுக்கு அடிக்கத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது'ன்னீங்களே... அது உண்மைதானே அண்ணா."